கண்ணை மூடிக் கேட்டவர்கள்

“உட்காருங்க” என்றாள் அண்ணி.

வந்தவள் உட்காரவில்லை. “உட்கார்ந்தா அழுதுடுவேங்க. நின்னுகிட்டே சொல்லிடறேன்.”

“அதுவும் நல்லதுதான்” என்றான் சின்னவன், நாற்காலியைச் சுவரோரம் தள்ளியபடி. “இதுக்கு மூணு கால்தான் நம்பகமானது.”

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழக்கம்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கோடையில் ரப்பர் வாசனை படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்தவன் சின்னவனின் அண்ணன். அண்ணன் போன பிறகு பலகையை இறக்கிவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அண்ணி பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினாள். கொழுந்தனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் விட்ட இடங்களை எல்லாம் அவன் பேசி நிரப்பினான்.

வந்தவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ரொம்ப வருஷமா ஒரு நாவல் எழுதறார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிடுச்சு. அப்பவும் விடல. இடது கையால எழுதினார். இப்ப முடிஞ்சுடுச்சு. எழுத்தாளர் வட்டம்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. எல்லாரோடதையும் ஒரே பார்சலாப் போட்டு ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பறதா ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் புதுசா எழுதறவங்ககிட்ட வாங்குவாங்களாம். இன்னைக்கு சாயங்காலம் பார்சல் கடை மூடறதுக்குள்ள போகணும்.”

“கட்டு காணோம்” என்றாள் அண்ணி.

“திங்கட்கிழமை டைப்பிங் கடையில கொடுக்கலாம்னு எடுக்கப் போனேன். வட்டத்தோட அலமாரியில எல்லாரோடதும் இருக்கு. இவரோடது மட்டும் இல்ல.”

“வேற நகல்?”

“இல்லைங்க. கையால எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். சாப்பிட மாட்டேங்கிறார். ஸ்பூன்ல பால் கொண்டு போனா பல்லைக் கடிச்சுக்கிறார். இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தக் கட்டு கிடைச்சாத்தான் இவர் வாயைத் திறப்பார்.”

“எப்ப இருந்து சாப்பிடல?”

“ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சு வந்து படுத்தவர்தான்.”

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே யாரோ டயரைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் அவள் திரும்பவில்லை. சின்னவன் வந்தவளிடம் மெதுவாகச் சொன்னான்: “பயப்படாதீங்க. ஆள் இங்கதான் இருக்காங்க. உள்ள கொஞ்சம் வேலை நடக்குது.”

“உங்க வீட்டுக்காரர் எழுதறதை நீங்க படிச்சிருக்கீங்களா?” என்றாள் அண்ணி, அதே ஜன்னலைப் பார்த்தபடி.

“அவர் கையெழுத்து எனக்கு எப்பவுமே புரியாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குப் போட்ட லெட்டரையே பக்கத்து வீட்டு அக்காதான் படிச்சுச் சொன்னாங்க. வட்டத்துலயும் அந்த எழுத்து கம்பவுண்டர் ஒருத்தருக்குத்தான் புரியும். மருந்துக் கடைக்காரர். எல்லாரும் கம்பவுண்டர்னுதான் கூப்பிடுவோம்.” முகத்தைத் துடைக்கக் கைப்பையில் துணியைத் தேடினாள். துணியோடு ஒரு மூக்குக் கண்ணாடி வந்து மேஜையில் விழுந்தது. “இது அந்தக் கம்பவுண்டரோடதுதான். திருப்பிக் கொடுக்க மறந்தே போச்சு.”

“உங்ககிட்ட எப்படி வந்தது?”

“இவரோட சக்கர நாற்காலியில பக்கவாட்டுல ஒரு பை இருக்கும். மாத்திரை, துண்டு எல்லாம் வெப்பேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தா அதுக்குள்ள கிடந்துச்சு. தவறி விழுந்திருக்கும்.”

அண்ணி கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தடித்த கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தபோது தன் உள்ளங்கை ரேகைகள் வாய்க்கால்களாகத் தெரிந்தன. அவள் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

எழுத்தாளர் வட்டத்தின் அறை ஒரு தையல் கடையின் பின்பக்கம். நடுவில் நீள மேஜை, சுற்றிப் பழைய நாற்காலிகள், ஓரத்தில் பூட்டில்லாத அலமாரி. ஒருங்கிணைப்பாளரான டீச்சர் பிரதிகளைப் பார்சல் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

“எங்கள்ல ஒருத்தர்தான் எடுத்திருக்கணும். அறைச் சாவி எல்லார்கிட்டயும் இருக்கு. நினைச்சாலே கூசுது” என்றார்.

சுவரில் கையால் எழுதிய விதிகள் தொங்கின. எழுதியவர் தன் படைப்பைத் தானே வாசிக்கக் கூடாது. வாசித்து முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கேட்பவர்கள் கண்களை மூடிக்கொள்ள வேண்டும்.

சின்னவன் படித்துவிட்டு, “எங்க வீட்டுல அண்ணி பேசும்போது நான் கடைப்பிடிக்கிறது இதேதான் டீச்சர். எழுதி மாட்டலை, அவ்வளவுதான்” என்றான்.

டீச்சர் முகத்தில் ஒரு கணம் ஏதோ தளர்ந்தது. “எழுதறவங்க தன் கதையைத் தானே படிச்சா குரலாலேயே அழ வெச்சுடறாங்கப்பா. கதை நல்லா இருக்கா, குரல் நல்லா இருக்கான்னு தெரியறதில்ல. எழுதினவர் மூஞ்சியைப் பார்த்தா நமக்கு மனசு வந்து குறை சொல்ல முடியறதில்ல. அதனாலதான் இந்த விதி.”

“டிரைவரோட கதை என்ன?” என்றாள் அண்ணி.

“ஒரு பஸ் டிரைவர். ஊருக்கு வெளியே ஒரு நிறுத்தம். அங்க யாரும் ஏறவும் மாட்டாங்க, இறங்கவும் மாட்டாங்க. ஆனா இவர் தினம் அங்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பார். மேலதிகாரி திட்டறார், பயணிங்க கேலி பண்றாங்க, இவர் விடறதில்ல. கடைசி அத்தியாயம் ஞாயித்துக்கிழமை வாசிச்சாங்க. வீட்டை விட்டுப் போன அவரோட பொண்ணு அந்த நிறுத்தத்துல ஏறுது. இந்த அறையில அழாதவங்க இல்லைங்க. கண்ணைத் திறந்து பார்த்தா டிரைவருக்கே கண்ணுல தண்ணி கொட்டுது.”

“வாசிச்சது கம்பவுண்டர்.”

“அவரேதான். வேற யாருக்கு அந்த எழுத்து புரியும்?”

“தடுமாறாம படிப்பாரா?”

“தண்ணி மாதிரி! அடுத்தவங்க கையெழுத்தைப் படிச்சா நாங்க எல்லாரும் ஒரு இடத்துலயாவது திணறுவோம். அவரும் ஆரம்பத்துல திணறினவர்தான். ‘இது என்ன எழுத்துப்பா, டா-வா, பா-வா’ன்னு டிரைவரையே கேட்டு விதியை மீறுவார். இந்த ஒரு வருஷமா அப்படி எதுவுமே இல்ல. பழகிடுச்சு.”

அண்ணி மேஜையின் தலைமாட்டில் இருந்த நாற்காலியைத் தொட்டாள். “இதுதான் வாசிக்கிறவர் இடமா? டிரைவரோட சக்கர நாற்காலி?”

“பக்கத்துலயே. டிரைவரோட இடது கைப்பக்கம் வாசிக்கிறவர் வர்ற மாதிரி.”

“ஞாயித்துக்கிழமை வாசிக்க ஆரம்பிச்சப்ப ஏதாவது வித்தியாசமா நடந்ததா?”

“கண்ணை மூடியிருந்தோமே.”

“காதுல?”

டீச்சர் யோசித்தார். “பக்கத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மேஜையைத் தடவற சத்தம். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடறார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் வாசிக்க ஆரம்பிச்சுட்டார். கிடைச்சுடுச்சு போல.”

“இந்தப் பார்சல்ல கம்பவுண்டரோட கதை இருக்கா?”

டீச்சர் சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். “இல்ல. அவர் கதையில எல்லாம் சரியா இருக்கும், உயிர்தான் இருக்காது. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு நான்தான் சொன்னேன்.”

வெளியே வந்ததும் சின்னவன் ஆரம்பித்துவிட்டான். “பொறாமை அண்ணி. தன் கதை போகாதப்ப அடுத்தவன் கதை மட்டும் போகலாமான்னு கம்பவுண்டர் தூக்கியிருக்கார். கேஸ் முடிஞ்சுது. டீ குடிக்கலாமா?”

அண்ணி நடந்தாள். ஒரு முழுத் தெரு கடந்தது. பள்ளிச் சுவர், பூட்டிய பட்டறை, வெயிலில் காயும் திரைச்சீலைகள். திருப்பத்தில் நின்றாள்.

“வலது கையால எழுதினப்ப திணறினவர், இடது கையால எழுத ஆரம்பிச்ச பிறகு திணறவே இல்ல. எப்படி?”

சின்னவன் நெற்றியைச் சொறிந்தான்.

“தலை வலிக்குதா உனக்கு?”

“இல்லையே.”

“வலிக்கட்டும். மாத்திரை வாங்கணும்.”

*

மருந்துக் கடையில் கூட்டமில்லை. கம்பவுண்டர் ஒல்லியான மனிதர். பல நாள் தூங்காத முகம். வலது கை விரல்களில் மை அப்பியிருந்தது.

“தலைவலி மாத்திரை ஒண்ணு” என்றான் சின்னவன். வாங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினான். “காலாவதித் தேதி எங்க போட்டிருக்கு சார்? என் ஜாதகத்துல மருந்தால கண்டம்னு இருக்கு.”

கம்பவுண்டர் அட்டையைக் கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்தார். கண்ணை இடுக்கினார். வெறும் சட்டைப்பையைத் தடவிவிட்டு, “கண்ணாடி தொலைஞ்சு போச்சுப்பா. பையன் வந்தா படிச்சுச் சொல்லுவான்” என்றார்.

அண்ணி கண்ணாடியைக் கல்லாமேஜை மேல் வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. “எங்க கிடைச்சுது? ஞாயித்துக்கிழமையில இருந்து தேடறேன்!”

“ஞாயித்துக்கிழமை எப்ப இருந்து?” என்றாள் அண்ணி. “வாசிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கலைந்தது. தெருவில் ஒரு லாரி போய், கண்ணாடி அலமாரிகள் எல்லாம் அதிர்ந்து அடங்கின.

“மாத்திரை அட்டையைப் படிக்க முடியாதவர், ஊர்ல யாருக்கும் புரியாத கையெழுத்தை ஒரு அத்தியாயம் முழுக்கப் படிச்சிருக்கீங்க. தண்ணி மாதிரி.”

கம்பவுண்டர் கடையின் பின்பக்கத் திரையை விலக்கிப் பிடித்தார். அது ‘வாங்க’ என்பதா, ‘தப்பிக்க வழியில்லை’ என்பதா என்று சொல்ல முடியாதிருந்தது.

உள்ளே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், கசக்கி எறிந்த தாள்கள், நாடா கட்டிய தடித்த கட்டு. அண்ணி நாடாவை அவிழ்த்தாள். முதல் பாதி நெருக்கமான, கோணல்மாணலான எழுத்து. நடுவில் ஓரிடத்தில் எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வெறும் கோடுகள். மேடும் பள்ளமுமாக, வரிசை தப்பாமல், பக்கத்தின் ஓரம்வரை ஓடி, திரும்பி அடுத்த வரியில் தொடர்ந்த கோடுகள். ஒன்றுகூட எழுத்தாகவில்லை.

சின்னவன் எட்டிப் பார்த்தான். வழக்கமாக அவன் ஏதாவது சொல்லியிருப்பான். சொல்லவில்லை.

“பக்கவாதத்துக்கு அப்புறம் முதல் தடவை அவர் கொண்டுவந்த கவரைப் பிரிச்சேங்க. இதான் இருந்துச்சு” என்றார் கம்பவுண்டர். “எல்லாரும் கண்ணை மூடிக் காத்துட்டு இருக்காங்க. அவர் மட்டும் என்னையே பார்க்கறார். இது எழுத்தே இல்லைன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்? செத்துப் போயிடுவாரு மனுஷன். அதனால முன்னாடி பாதி எனக்குத் தெரியும்ல, அதுல இருந்து நானா ஒரு பக்கம் சொன்னேன். ஒரே ஒரு தடவைன்னுதான் நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அழுதாங்க.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “இத்தனை வருஷத்துல என் கதைக்கு ஒருத்தர் ஒரு சொட்டு கண்ணீர் விட்டதில்ல. உயிர் இல்லைம்பாங்க. அதே நான், அவர் பேர்ல சொன்னதும் டீச்சர் விக்கி விக்கி அழறாங்க. அடுத்த வாரம் எப்ப வரும்னு இருக்கும். தப்புன்னு தெரியும். ஆனா விட முடியல.”

“டைப்பிங் கடையில பிரிச்சா தெரிஞ்சுடும். அதான் எடுத்தீங்க.”

“நான் சொன்னதை எல்லாம் எழுதி, இந்தக் கோட்டுப் பக்கத்தை எடுத்துட்டு அங்க வெச்சுடலாம்னு பார்த்தேன். மூணு நாளா எழுதறேன். சொன்னது ஒண்ணுமே ஞாபகம் வரலைங்க! அந்த அறையில உட்கார்ந்தாத்தான் வருது.” கசங்கிய தாள்களைக் காலால் ஒதுக்கினார். “நான் திருடன் இல்லைங்க. அவருக்கு நல்லதுதான் செஞ்சேன். கடைசி அத்தியாயத்துக்கு அவரே அழுதார், தெரியுமா?”

அண்ணி, கோடுகள் ஓடிய பக்கத்தில் விரலை வைத்து ஒரு வரியின் முடிவுவரை மெதுவாக நகர்த்தினாள்.

“உங்க கண்ணாடி எங்க கிடைச்சுதுன்னு நீங்க கேட்டீங்க. நான் இன்னும் சொல்லல.”

“எங்க?”

“அவரோட சக்கர நாற்காலிப் பைக்குள்ள. எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்துல, இடது கை எட்டற தூரத்துல மேஜை மேல இருந்துச்சு. பேச முடியாத மனுஷன். பேசவும் கூடாதுன்னு விதி வேற. நீங்க படிக்கறதை நிறுத்த அவருக்கு வேற என்ன வழி இருந்துச்சு சொல்லுங்க?”

கம்பவுண்டரின் கை தானாகத் தன் வாயைப் பொத்தியது.

“கண்ணாடி இல்லாமலும் நீங்க நிறுத்தல. அப்பத்தான் அவர் அழுதார். அன்னைக்கு ராத்திரியில இருந்துதான் சாப்பிடல. கட்டு திங்கட்கிழமைதான் காணாமப் போச்சு. அவர் கதை அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே காணாமப் போயிடுச்சு.”

*

டிரைவரின் வீடு இரண்டு அறை. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி லேசாக நடுங்கியது. மெலிந்து, கண் குழிந்து படுத்திருந்தவர், அண்ணி கையிலிருந்த தாள்கட்டைப் பார்த்ததும் பார்வையை உயர்த்தினார். கம்பவுண்டரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடந்ததை அண்ணி சுருக்கமாகச் சொன்னாள். மனைவி கேட்டுக்கொண்டே கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“நான்தானே தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். தினமும் கொடுத்தேன். கோடு போடறார்னு எனக்குத் தெரியலையே” என்றாள்.

“கோடு இல்லைங்க. அவருக்கு அது எழுத்துதான்” என்றாள் அண்ணி. “இவர்கிட்ட எதையாவது கேக்கணும்னா எப்படிக் கேப்பீங்க?”

“ஆமான்னா கட்டில் விளிம்புல தட்டுவார். இல்லைன்னா கையை மூடிக்குவார். தண்ணி வேணுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா, அதுக்கெல்லாம்தான் கேப்பேன்.”

“கதையைப் பத்தி?”

மனைவி தலை குனிந்துகொண்டாள். யாரும் கேட்டதில்லை.

சின்னவனின் கைப்பேசி அடித்தது. டீச்சர். பார்சல் கடையில் நிற்கிறாராம், மூடப் போகிறார்களாம். சின்னவன் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு எல்லோரையும் பார்த்தான்.

மனைவி எழுந்துவிட்டாள். “அனுப்பிடலாங்க! எழுத்து இருக்கற பாதியும், இந்த ஐயா சொன்ன முடிவும். கம்பவுண்டர் ஐயா, போற வழியில எழுதிடுங்க. எல்லாருக்கும் பிடிச்சுதே, எல்லாரும் அழுதாங்களே. புஸ்தகமா வந்துட்டா போதும். அடுத்த வருஷம்னா… அடுத்த வருஷம் இவர்…” கணவரின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “உங்க பேர் அட்டையில வரணும்னுதானே இவ்வளவும்? அனுப்பட்டுமா? சொல்லுங்க. அனுப்பட்டுமா?”

டிரைவர் அவளையே பார்த்தார். இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கை மூடிக்கொண்டது.

“கொஞ்சம் யோசிங்களேன்!”

மூடிய கை இன்னும் இறுகியது. எலும்பு தெரிந்தது.

அண்ணி சின்னவனிடம் தலையசைத்தாள். அவன் வாசலுக்குப் போய், “நீங்க அனுப்பிடுங்க டீச்சர். இந்த வண்டி இன்னும் கிளம்பல” என்று சொல்லிவிட்டு, அங்கேயே சற்று நேரம் முதுகைக் காட்டி நின்றான்.

ஒரு பஸ் போயிற்று. கம்பவுண்டர் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோடுகள் நிறைந்த கடைசி அத்தியாயத்தை எடுத்து, டிரைவரின் கைக்கு எட்டுமாறு மார்பின் மேல் ஒரு பலகையை வைத்து விரித்தார்.

“நான் படிக்கலைங்க. நீங்க காட்டுங்க. நான் கேக்கறேன்.”

இந்த முறை யாரும் கண்ணை மூடவில்லை.

மூடிய கை திறக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஆள்காட்டி விரல் முதல் கோட்டின் தொடக்கத்தில் போய் நின்றது.

“வண்டி அந்த நிறுத்தத்துக்கு வருது?” என்றார் கம்பவுண்டர்.

விரல் பலகையைத் தட்டியது. நகர்ந்தது.

“கதவைத் திறக்கறார்?”

தட்டியது.

“பொண்ணு ஏறலை. வேற யாரோ ஏறறாங்க?”

கை மூடிக்கொண்டது.

“யாருமே ஏறலையா?”

தட்டியது. கம்பவுண்டர் ஒரு தாளில் எழுதினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். விரல் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது.

“காத்துட்டு இருக்கார்?”

மூடியது.

“கதவைச் சாத்திட்டுக் கிளம்பிடறார்?”

மூடியது. டிரைவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்பவுண்டர் எதை எதையோ கேட்டார். மழை? விபத்து? மேலதிகாரி? ஒவ்வொன்றுக்கும் கை மூடிக்கொண்டது. திறப்பதற்கு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. கம்பவுண்டர் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கால்மாட்டில் இருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து இந்த ஜன்னலில் நின்று, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே நிற்பவரை அவள் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள்.

“இறங்கிட்டீங்களா?” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“யாரும் ஏறறதுக்காக நிறுத்தல. நீங்க இறங்கறதுக்குத்தான் தினமும் நிறுத்துனீங்க. தைரியம் வரல. இன்னைக்கு வண்டியை விட்டுட்டு இறங்கிட்டீங்க. அதானே?”

விரல் தட்டியது. மறுபடி தட்டியது. கோட்டை விட்டு, பலகையை விட்டு, கட்டில் விளிம்புக்குப் போய் அங்கே தட்டிக்கொண்டே இருந்தது.

கம்பவுண்டர் பேனாவை எடுத்தவர் எழுத முடியாமல் நின்றார். அது அவருக்குத் தோன்றவே தோன்றாத முடிவு.

மனைவி மெல்ல எழுந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். பால் டம்ளரை எடுத்தாள். ஆறிப் போயிருந்தது. ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள். பற்கள் இறுகியே இருந்தன.

“இறங்கி எங்க போனீங்க?” என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். “அது எனக்குத் தெரியாது. இன்னும் எத்தனை பக்கம் இருக்கு பாருங்க. அதைச் சொல்லாம போயிடாதீங்க.”

அவர் அவளைப் பார்த்தார். மார்பின் மேல் கிடந்த பக்கங்களைப் பார்த்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.